ராக்ஸி மியூசிக்கின் 'வர்ஜீனியா ப்ளெய்ன்': முதல் சிங்கிள் முதல் ஆல்பத்தில் இல்லாதது ஏன்?

இசைத்தேடல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1970-களின் பிரிட்டிஷ் கிளாம் ராக் இசையை (பகட்டான தோற்றத்தோடு வந்த ராக் இசை) ஆண்டு வரிசைப்படி கேட்டு வருகிறேன். டி. ரெக்ஸ், ஸ்லேட், டேவிட் போவி என்று கேட்டு முடித்து, இப்போது ராக்ஸி மியூசிக் குழுவிடம் வந்திருக்கிறேன். இவர்களுடைய முதல் சிங்கிளான (தனிப்பாடலாக விற்கப்படும் சிறு இசைத்தட்டு) 'வர்ஜீனியா ப்ளெய்ன்' 1972 ஆகஸ்டில் ஐலண்ட் நிறுவனத்தின் வெளியீடாக வந்து, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. ஆனால் அதற்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம் வெளிவந்துவிட்டது. என்னிடம் உள்ள குறுந்தகட்டில் இந்தப் பாடல் நான்காவதாக இருக்கிறது. நண்பர் ஒருவர் வைத்திருக்கும் பழைய பிரிட்டிஷ் எல்.பி. தட்டிலோ இது இல்லவே இல்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஒரு குழுவை நாடறியச் செய்த பாடல் அதன் முதல் ஆல்பத்தில் இடம்பெறாமல் போனது எப்படி? இரண்டாவது ஐயம் பாடலைப் பற்றியது. பல்லவி என்று ஒன்றும் கிடையாது. தலைப்புச் சொற்கள் பாட்டின் கடைசி நொடியில் ஒரே ஒரு முறை வருகின்றன. அவை வந்த கையோடு பாட்டும் சட்டென்று நின்றுவிடுகிறது. கடையில் போய் எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்பதற்குக்கூட, கடைசி வரை காத்திருந்து கேட்டவரால்தான் முடியும். இப்படி அமைந்த ஒரு பாடல், அதுவும் பெயர் தெரியாத ஒரு குழுவின் முதல் சிங்கிள், மக்களிடம் எப்படி எடுபட்டது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையதட்டு

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் ஐயத்துக்கு விடை எளியது: ஆல்பம் பதிவான காலத்தில் இந்தப் பாடல் பதிவாகியிருக்கவே இல்லை. முதல் ஆல்பம் 1972 மார்ச் மாதத்தில், லண்டன் பிக்காடிலியில் இருந்த கமாண்ட் ஸ்டுடியோவில், கிங் கிரிம்சன் குழுவுக்குப் பாடல் எழுதிவந்த பீட்டர் சின்ஃபீல்டின் தயாரிப்பில் பதிவு செய்யப்பட்டது. செலவை ஏற்றுக்கொண்டது இ.ஜி. என்னும் மேலாண்மை நிறுவனம். ஐலண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்குப் பிறகுதான். ஜூன் 16 அன்று ஆல்பம் கடைக்கு வந்தபோது, அதிலிருந்து வானொலிக்கு உரிய ஒரு சிங்கிளை எடுப்பது கடினம் என்பது யாருக்கும் புரிந்திருக்கும். 'இஃப் தேர் இஸ் சம்திங்' ஆறு நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. கிராமியச் சாயலில் தொடங்கி, முற்றிலும் வேறு ஒரு புலம்பலாக மாறி முடிகிறது. 'தி பாப்' போர்க்கள ஓசைகளோடு வரும் பல துண்டுகளின் கோவை. 'சீ ப்ரீசஸ்' நடுவில் உடைந்து திசை மாறுகிறது. முதற்பாடலான 'ரீ-மேக்/ரீ-மாடல்' கேட்பவரைத் தூக்கி நிறுத்தும் பாடல்தான். ஆனால் அதில் எல்லோரும் சேர்ந்து பாடும் அடி ஒரு காரின் பதிவு எண்.

ஆகவே வானொலிக்கென்று தனியாக ஒரு பாடல் தேவைப்பட்டது. ஜூலை மாதம் குழு மீண்டும் அதே ஸ்டுடியோவுக்கு, அதே சின்ஃபீல்டுடன் சென்று 'வர்ஜீனியா ப்ளெய்ன்' பாடலைப் பதிவு செய்தது. ஆகஸ்ட் 4 அன்று தட்டு வெளிவந்தது. மார்ச் மாதத்துக்கும் ஜூலைக்கும் இடையில் குழுவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான பிரையன் ஃபெர்ரியோடு சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கிய பேஸ் கிட்டார் கலைஞர் கிரஹாம் சிம்ப்சன் ஆல்பம் முடிந்ததும் விலகிவிட்டார்; சிங்கிளில் பேஸ் வாசித்திருப்பவர் ரிக் கென்டன். அதனால்தான் உங்கள் குறுந்தகட்டில் மூன்றாவது பாடல் முடிந்து நான்காவது தொடங்கும்போது, குழுவே சற்று மாறிவிட்டதுபோல் காதுக்குப் படுகிறது. ஒலி இறுக்கமாகவும் பளிச்சென்றும் ஆகிவிடுகிறது.

அக்கால பிரிட்டிஷ் வழக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. சிங்கிளைக் காசு கொடுத்து வாங்கியவரிடமே ஆல்பத்திலும் அதே பாட்டை மறுபடி விற்பது முறையன்று என்ற எண்ணம் அங்கே பரவலாக இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் சேராமல் தனித்தே நின்றது இதே வழக்கத்தால்தான். அமெரிக்க நிறுவனங்களுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. அங்கே ரிப்ரைஸ் நிறுவனம் ராக்ஸி மியூசிக் ஆல்பத்தை வெளியிட்டபோது, பிரிட்டனில் வெற்றி பெற்றிருந்த இந்தப் பாடலையும் சேர்த்தே வெளியிட்டது. பிற்காலப் பதிப்புகளும் குறுந்தகடுகளும் பலவும் அந்த வரிசையையே பின்பற்றின. என் கருத்து கேட்டால், அது நல்ல முடிவு அன்று. 'இஃப் தேர் இஸ் சம்திங்' முடியும்போது மனம் கனத்துப் போயிருக்கும். மூலப் பதிப்பில் அந்தக் கனத்தோடே '2எச்பி' பாடலின் மெதுவான மின்பியானோவுக்குள் நுழைகிறோம்; அந்த இடத்தின் அழகே அதுதான். நடுவில் இந்தத் துள்ளல் பாட்டு புகும்போது இரண்டு பாடல்களுமே பாதிக்கப்படுகின்றன. குறுந்தகட்டில் கேட்கும்போது நான்காவது பாடலைத் தாண்டி ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

வண்ணக்கோல்

இரண்டாவது ஐயத்துக்கு என்னால் இயன்ற விடையைச் சொல்கிறேன். நான் ஓவியம் படித்தவன்; அதனால் அந்தப் பக்கமிருந்தே இதை அணுகுகிறேன்.

பிரையன் ஃபெர்ரி இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்து வாஷிங்டன் என்ற சுரங்க ஊரில் 1945-இல் பிறந்தவர். அவருடைய தந்தை சுரங்கத்தில் வேலை செய்த குதிரைகளைப் பராமரித்தவர். 1964-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிக்கச் சேர்ந்த ஃபெர்ரிக்கு அங்கே ஆசிரியராக வாய்த்தவர் ரிச்சர்ட் ஹாமில்டன். பிரிட்டிஷ் பாப் ஓவியத்தின் முன்னோடி என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1956-இல், அமெரிக்க இதழ்களிலிருந்து வெட்டிய படங்களை ஒட்டி, ஒரு நவீன வீட்டின் வரவேற்பறையை அவர் உருவாக்கினார்: உடற்பயிற்சி வீரன், கவர்ச்சிப் பெண், டின்னில் அடைத்த இறைச்சி, தொலைக்காட்சிப் பெட்டி, ஒலிநாடாக் கருவி எல்லாம் ஒரே அறையில் நெருக்கியடித்து நிற்கும். அடுத்த ஆண்டு நண்பர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், பாப் கலை எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஒரு பட்டியல் போட்டார். வெகுமக்களுக்கானது, நீடித்து நிற்காதது, மலிவானது, ஏராளமாக உற்பத்தியாவது, இளமையானது, கவர்ச்சி மிகுந்தது, பெருவணிகம் என்று போகும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும். பீட்டில்ஸ் குழுவின் 1968-ஆம் ஆண்டு வெள்ளை உறையை வடிவமைத்தவரும் இவரே.

ஹாமில்டனிடம் படித்த அந்த நாட்களில் ஃபெர்ரி தாளில் ஓர் ஓவியம் வரைந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் சமவெளி. அதன் நடுவே நினைவுச்சின்னம்போல் ஒரு மாபெரும் சிகரெட் பெட்டி நிற்கிறது. பெட்டியின் மேல் ஒரு கவர்ச்சிப் பெண்ணின் படம். அந்த ஓவியத்துக்கு அவர் இட்ட தலைப்பு 'வர்ஜீனியா ப்ளெய்ன்'. சிகரெட்டுப் புகையிலை வகை ஒன்றின் பெயர் அது. எட்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தலைப்பையே பாட்டுக்கும் வைத்தார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரிகளைக் கேட்டால், அங்கே கதை எதுவும் நடக்கவில்லை என்பதும், படங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டப்படுகின்றன என்பதும் தெளிவாகும். தொடக்கத்தில் ஓர் ஒப்பந்தப் பேச்சு வருகிறது; நாடறிய வேண்டும் என்று துடிக்கும் ஒரு புதிய குழுவின் குரல் அது. பிறகு ரியோவுக்கு விமானப் பயணம், அகாபுல்கோ, ஹவானா, சூதாட்ட விடுதியின் தரை, பாலைவனத்தில் ஓடும் ஒரு ஸ்டூடிபேக்கர் கார், திறந்தவெளித் திரையரங்கு, அமெரிக்கப் பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் வட்டத்தில் வலம் வந்த பேபி ஜேன் ஹோல்சர் என்று, ஹாலிவுட்டும் விளம்பரப் பலகைகளும் காட்டிய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒவ்வொரு துண்டாக வந்து விழுகின்றன. சுரங்க ஊரில் திரைப்படம் பார்த்து வளர்ந்த ஒருவரின் கனவு நிலப்பரப்பு இது. இந்த அமைப்பில் பல்லவிக்கு இடமே கிடையாது. பல்லவி என்பது கேட்பவரை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்து வருவது. இந்தப் பாட்டோ எங்கும் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதற்காக எழுதப்பட்டது. கடைசியில் வரும் கேள்வியும் அதற்கு விடையாக வரும் தலைப்பும், ஓவியர் தன் படத்தின் மூலையில் இடும் கையெழுத்துப்போல் அமைந்துவிடுகின்றன.

தாளக்கட்டு

வண்ணக்கோல் ஐயா எழுதியதை மிகவும் விரும்பிப் படித்தேன். ஆனால் ஓர் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சுரங்க ஊரின் கனவும் ஹாமில்டனின் பாடமும் வரிகள் எப்படிப் பிறந்தன என்பதை விளக்குகின்றன. அந்த ஆகஸ்டில் ஏழு அங்குலத் தட்டை வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் ஹாமில்டனின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அவர்களை இழுத்தது ஒலிதான். அதைப் பற்றியும் இங்கே பேச வேண்டும்.

பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். அறைக்கு வெளியே எங்கோ வாசிப்பதுபோல் தாழ்ந்த ஒலியில் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) ஒலிக்கின்றன. நாம் ஒலி அளவைக் கூட்டக் கை நீட்டும் நேரத்தில் குழு முழுவதும் பாய்ந்து உள்ளே வருகிறது. அந்த நொடியிலேயே வானொலி கேட்பவர் மாட்டிக்கொள்கிறார். அடுத்து டிரம்ஸ். பால் தாம்ப்சன் டைன் ஆற்றங்கரையின் ஜாரோ ஊர்க்காரர். அவாண்ட்-ராக் (பரிசோதனை ராக்) குழுவுக்கு அற்புதமான டிரம்ஸ் கலைஞர் தேவை என்று மெலடி மேக்கர் இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 1971-இல் சேர்ந்தவர். இவருடைய அடி கனமானது, நேரானது, அலங்காரம் இல்லாதது. மேலே என்ன விசித்திரம் நடந்தாலும் கீழே கால் தட்டுவதற்கு ஓர் உறுதியான தரையை இவர் போட்டுக் கொடுக்கிறார். கலைக் கல்லூரி வாசனை மிகுந்த அந்தக் குழு, அக்காலத்தின் மற்றப் பரிசோதனைக் குழுக்களைப்போல் தனி உலகத்தில் ஒதுங்கிவிடாமல் நடனக் கூடத்துக்குள்ளும் நுழைந்ததற்கு முதற்காரணமாக நான் கருதுவது பால் தாம்ப்சனைத்தான். பாராட்டுகள் பெரும்பாலும் ஃபெர்ரிக்கும், சின்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியை இயக்கிய பிரையன் ஈனோவுக்குமே போய்ச் சேர்கின்றன என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

ஈனோ இயக்கியது வி.சி.எஸ். 3 என்ற சின்தசைசர். லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த கருவி இது. விசைப்பலகை இல்லாமலேயே இதை இயக்கலாம். சிறு குழிகள் வரிசை வரிசையாக அமைந்த ஒரு சதுரப் பலகையில் ஊசிகளைச் செருகித்தான் ஒலியின் வழியைத் தீர்மானிக்க வேண்டும். பக்கத்தில் விரலால் அசைக்க ஒரு நெம்புகோல் இருக்கும். மற்றவர்கள் வாசிப்பதையே இந்தக் கருவிக்குள் செலுத்தி உருமாற்றித் தருவது ஈனோவின் பணிகளில் ஒன்று. தொடக்கத்தில் அவர் மேடையில் நிற்கவே இல்லை. அரங்கின் பின்புறம் இருந்த கலவை மேசையிலிருந்து இதைச் செய்துகொண்டிருந்தார். ஆண்டி மெக்கே சாக்சஃபோனோடு, மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குழுவில் அமர்ந்திருக்க வேண்டிய ஓபோ என்ற ஊதுகருவியையும் ராக் பாட்டுக்குள் கொண்டுவந்தார். பில் மன்சனேரா முதல் தேர்வில் நிராகரிக்கப்பட்டு, பிறகு குழுவின் ஒலி வேலைகளுக்கு என்று அழைக்கப்பட்டு, 1972 பிப்ரவரியில்தான் கிட்டார் கலைஞராகவே சேர்ந்தவர். இப்படி வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவர்கள் மூன்று நிமிடத்துக்குள் தத்தம் பங்கைச் சொல்லியாக வேண்டிய நெருக்கடி இந்தப் பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நண்பர் கேட்ட பல்லவியின் இடத்தை நிரப்புவது அந்த இடைவெளிகள்தாம் என்பது என் துணிபு. பதின்வயதுக் கலகக்காரனைப் பற்றிய வரி முடிந்தவுடன் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமுகிறது. அது கருவியில் உண்டாக்கிய ஓசை அன்று. ஸ்டுடியோவுக்கு வெளியே தெருவில் உண்மையான வண்டியை முடுக்கிப் பதிந்தது. ஒரு முறை கேட்டவர் மறுமுறை அந்த உறுமலுக்காகக் காத்திருப்பார். பிறகு கிட்டாருக்காக, அதையடுத்து ஈனோவின் நெளியும் ஒலிக்காக, கடைசியில் அந்தச் சட்டென்ற முடிவுக்காகக் காத்திருப்பார். அக்காலத்துச் சிங்கிள்கள் பலவும், பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடியபடியே ஒலி தேய்ந்து மறைவதாக முடியும். அறிவிப்பாளர் அந்தத் தேய்வின் மேல் பேசத் தொடங்கிவிடலாம். இந்தப் பாட்டின் முடிவில் அவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. தலைப்பு வந்ததும் வெறும் மௌனம்தான். வானொலியில் இதைக் கேட்டவர் அந்தப் பெயரைத் தவறவிட்டிருக்க முடியாது. எனவே கடையில் போய்க் கேட்க முடியாது என்று நீங்கள் கருதிய அமைப்பே, உண்மையில் பெயரைக் காதில் ஆணியடித்ததுபோல் பதிய வைத்த அமைப்பு என்பேன்.

இசைத்தேடல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முழு விவரத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நான்காவது பாடலைத் தாண்டிக் கேட்டுப் பார்த்தேன்; பழையதட்டு ஐயா சொன்னது முற்றிலும் உண்மை, '2எச்பி' அந்த மௌனத்திலிருந்து எழும்போது வேறு பாடலாகவே தெரிகிறது.

இன்னும் இரண்டு சிறு கேள்விகள். இவர்களைக் கிளாம் ராக் குழு என்று அழைப்பது பொருந்துமா? ஸ்லேட் குழுவையும் இவர்களையும் ஒரே பெயரின் கீழ் வைக்க என் மனம் ஒப்பவில்லை. அடுத்து, சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த 'தி நம்பரர்' என்னும் பாடலில் ஃபெர்ரியின் குரலே இல்லை. அது ஏன்?

வண்ணக்கோல்

முதல் கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன். பொருந்தும் என்றே சொல்வேன். கிளாம் என்பது ஒரு தனி இசை வடிவம் என்று எடுத்துக்கொண்டால் ஸ்லேட் ஒரு பக்கம், ராக்ஸி மியூசிக் மறுபக்கம் என்று பிரிந்துதான் நிற்பார்கள். ஆனால் 1972-இன் அந்தக் கோடையில் மக்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ஜூலை 6 அன்று பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் போவி 'ஸ்டார்மேன்' பாடலோடு தோன்றினார். ஆகஸ்ட் 24 அன்று அதே நிகழ்ச்சியில் ராக்ஸி மியூசிக் 'வர்ஜீனியா ப்ளெய்ன்' வாசித்தது. இதற்குச் சில நாட்கள் முன்புதான் லண்டன் ரெயின்போ அரங்கில் போவியின் நிகழ்ச்சிக்கு முன்னதாக அவர்கள் மேடையேறியிருந்தார்கள். அதே வாரங்களில் விற்பனைப் பட்டியலின் உச்சியில் ஆலிஸ் கூப்பரும் பிறகு ஸ்லேடும் இருந்தார்கள்; போவி எழுதிக் கொடுத்த பாடலோடு மாட் தி ஹூப்பிள் குழுவும் மேலே ஏறியது. டெனிம் உடையும் தாடியும் வைத்துக்கொண்டு, உடை முக்கியமன்று, இசையே முக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்த ராக் உலகத்துக்கு நேர் எதிராக, தோற்றமும் இசையின் ஒரு பகுதியே என்று இவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ராக்ஸி மியூசிக் அதை மிகவும் தீவிரமாகச் சொன்னது. உடைகளை வடிவமைத்த ஆண்டனி பிரைஸ் குழுவின் உறுப்பினரைப் போலவே முக்கியமானவர். முதல் ஆல்பத்தின் முன்னுறையில் குழுவினரின் படமே இல்லை. காரி-ஆன் முல்லர் என்ற மாடல் பழைய ஹாலிவுட் பாணியில் சாய்ந்திருக்கிறார். தோற்றத்துக்கு இவ்வளவு மதிப்பு கொடுத்த குழுவைக் கிளாம் என்று அழைக்காவிட்டால் வேறு யாரை அழைப்பது?

பழையதட்டு

மறுபக்கத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 'தி நம்பரர்' ஆண்டி மெக்கே இயற்றிய கருவியிசை. முன்பக்கப் பாடல்களை எழுதியவர் ஃபெர்ரி. அக்காலத்து முறைப்படி, ஒரு தட்டு விற்றால் முன்பக்கத்தை இயற்றியவருக்கும் மறுபக்கத்தை இயற்றியவருக்கும் உரிமைத்தொகை போய்ச் சேரும். மறுபக்கத்தை யாரும் விரும்பிக் கேட்டார்களா என்பது கணக்கில் வராது. ஆகவே முன்பக்கம் 4-ஆம் இடத்துக்கு ஏறினால் மறுபக்கத்துக்கு உரியவரும் பயனடைவார். ராக்ஸி மியூசிக் அடுத்த சிங்கிள்களிலும் இதே வழியில் சென்றது. 1973-இல் வந்த 'பைஜாமராமா' தட்டின் மறுபக்கம் மெக்கேயின் 'தி ப்ரைட் அண்ட் த பெயின்'. அதே ஆண்டு 'ஸ்ட்ரீட் லைஃப்' தட்டின் மறுபக்கம் மன்சனேராவின் 'ஹூலா கூலா'. பாட்டெழுதும் வாய்ப்பு ஒருவரிடமே குவிந்திருந்த குழுவில் மற்றவர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கச் செய்த ஏற்பாடாகவே இதைப் பார்க்கிறேன், நியாயமான ஏற்பாடு.

'தி நம்பரர்' கேட்டு ரசிக்கத்தக்கது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாக்சஃபோன் முன்னால் நின்று, 1950-களின் ராக் அண்ட் ரோல் கருவியிசைத் தட்டுகளின் சாயலில் நகர, ஈனோவின் ஒலிகள் அதன் மேல் படர்கின்றன. முன்பக்கத்தின் நுணுக்கம் இதில் இல்லை. குழுவினர் இளைப்பாறி வாசித்ததுபோல் இருக்கும். தொகுப்பாகக் கேட்க விரும்பினால், 1995-இல் வந்த 'தி த்ரில் ஆஃப் இட் ஆல்' என்ற நான்கு தட்டுப் பெட்டியில் இந்த மறுபக்கப் பாடல்கள் இருக்கின்றன. பழைய தட்டாகவே வாங்குவதானால் ஒன்றைக் கவனித்து வாங்குங்கள்: 'வர்ஜீனியா ப்ளெய்ன்' 1977-இல் மறுபடியும் சிங்கிளாக வெளிவந்து 11-ஆம் இடம் வரை சென்றது, அதன் மறுபக்கம் வேறு. 'தி நம்பரர்' வேண்டுமென்றால் 1972-ஆம் ஆண்டின் ஐலண்ட் பதிப்பைத்தான் தேட வேண்டும். அதன் எண் டபிள்யூ.ஐ.பி. 6144.